பழைய வன்தட்டுக்கு ஒரு வெளிப்பெட்டி

எங்கள் பள்ளிக்கு ஹைடெக் லேப் வந்த பிறகு, அதற்கு முன்பிருந்த ஆறு மேசைக் கணினிகளும் ஆய்வகத்தின் பின்சுவர் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. இருப்புப் பதிவேட்டில் அவற்றுக்கு நேராக ‘பழுது’ என்று எழுதியாயிற்று. இரண்டு ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பணி ஓய்வு பெற்ற எங்கள் தமிழய்யா ஒருநாள் பள்ளிக்கு வந்தபோதுதான் கேட்டார்: “டீச்சர், 2011-ல நம்ம பசங்க ஏரிக்கரைப் பெரியவங்ககிட்ட பேசி ரெக்கார்டு பண்ணிட்டு வந்தாங்களே, அது எங்க இருக்கு?”

அம்பத்தூர் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நாட்களைப் பற்றி, அப்போது எழுபது எண்பது வயதில் இருந்தவர்கள் பேசிய பதிவுகள் அவை. மாணவர்கள் கைப்பேசியில் பதிந்து, தமிழய்யாவின் கணினியில் ஏற்றிவைத்தார்கள். வேறு எங்கும் நகல் இல்லை. பேசியவர்களில் பலர் இன்று இல்லை. அந்தக் கணினியோ இயங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறிகூடச் சுற்றவில்லை.

கணினி இயங்கவில்லை என்றால் உள்ளே இருப்பதும் போய்விட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் பழுதாவது மின்வழங்கிப் பெட்டி அல்லது தாய்ப்பலகை. கோப்புகள் இருப்பது வன்தட்டில். அது நன்றாகவே இருக்கலாம். வன்தட்டை மட்டும் கழற்றி, அதற்கென்று விற்கும் ஒரு வெளிப்பெட்டியில் பொருத்தினால், பென்டிரைவைப் போல எந்தக் கணினியிலும் யுஎஸ்பி வழியாகச் செருகிப் படிக்கலாம். கடைகளில் இதைக் ‘ஹார்ட் டிஸ்க் கேஸ்’ அல்லது ‘கேசிங்’ என்பார்கள். நானும் கேஸ் என்றே எழுதுகிறேன். எந்தக் கேஸ் என்று தேர்ந்தெடுப்பதில்தான் நான் இரண்டு முறை தவறினேன்.

அதற்கு முன் ஒரு சொல். பழுதான கணினியும் அரசுச் சொத்துதான். தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கி, எந்தக் கணினியிலிருந்து எந்த வன்தட்டு கழற்றப்பட்டது என்று வரிசை எண்ணோடு குறித்துவைத்த பிறகே திருப்புளியைக் கையில் எடுத்தேன். வன்தட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. அதில் மாணவர்களின் சாதிச் சான்று விவரம், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் இருக்க வாய்ப்புண்டு.

வன்தட்டின் முதுகைப் பாருங்கள்

முதல் தவறு இங்கே. கழற்றிப் பார்க்காமலே அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போய் “டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்குக்கு ஒரு கேஸ் கொடுங்க” என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன். தலைமை ஆசிரியர் அறைக் கணினியின் 500 ஜிபி வன்தட்டு அதில் அழகாகப் பொருந்தியது. தமிழய்யாவின் 80 ஜிபி வன்தட்டு பொருந்தவே இல்லை. அளவு சரிதான், இணைப்பு முனைதான் வேறு.

மேசைக் கணினி வன்தட்டுகளில் நாம் சந்திக்கக்கூடியவை இரண்டு வகை. பழையது ஐடிஇ. அதன் பின்பக்கத்தில் இரண்டு வரிசையாக 40 ஊசிகளுக்கான இடமும் (நடுவில் ஓர் ஊசி இருக்காது, அது பழுதல்ல), பக்கத்தில் மின்சாரத்துக்கு நான்கு தடித்த ஊசிகளும் இருக்கும். கணினிக்குள் அகலமான நாடா போன்ற கேபிள் போயிருந்தால் அது ஐடிஇ. புதியது சாட்டா. இதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகள் இல்லை. ‘எல்’ வடிவ வாய் கொண்ட இரண்டு தட்டையான முனைகள் இருக்கும். சிறியது தரவுக்கு, 7 தொடுமுனைகள். பெரியது மின்சாரத்துக்கு, 15 தொடுமுனைகள். சாட்டா 2003 வாக்கில் சந்தைக்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஐடிஇ வன்தட்டோடு கணினிகள் விற்றன. ஆகவே கணினி வாங்கிய ஆண்டை வைத்து ஊகிக்க வேண்டாம். முதுகைப் பார்த்தால் போதும்.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. படத்தில் எல்லாக் கேஸும் ஒன்றுபோலவே தெரியும். 2.5 அங்குலம் என்றால் மடிக்கணினி வன்தட்டுக்கு, 3.5 அங்குலம் என்றால் மேசைக் கணினி வன்தட்டுக்கு. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கினால் அது 2.5 ஆக இருக்கும்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அளவுகோலை வைத்து அளந்துவிட்டு, “மிஸ், இது 3.5 இல்ல, சரியா 4 இன்ச் இருக்கு” என்றாள். அவள் சொன்னது சரி. அகலம் 10.16 செ.மீ., அதாவது 4 அங்குலம். 3.5 அங்குல ஃபிளாப்பி டிரைவ் பொருந்தும் அறையில் இதுவும் பொருந்துமாறு செய்யப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று அவளுக்கு விளங்கவைக்க அரைப் பாடவேளை ஆனது. நல்ல அரைப் பாடவேளை.

ஐடிஇ வன்தட்டுக்கான கேஸ் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஆவடியிலிருந்து மின்ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம், இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. அங்கே ஒரு கடைக்காரர், “ஐடிஇ கேஸ் தேடாதீங்க மேடம், கன்வெர்ட்டர் கேபிள் வாங்கிக்குங்க” என்றார். ஒருபக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் ஐடிஇ, சாட்டா இரண்டுக்கும் முனை, தனியே ஒரு மின் அடாப்டர். பெட்டி இல்லை; வன்தட்டு மேசைமேல் திறந்தபடி இருக்கும். ஒருமுறை படித்து நகலெடுக்க அது போதும். வன்தட்டை அங்கேயே இணைத்து, கணினியில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே வாங்கினேன். அனுமதிக் கடிதத்தோடுதான் எடுத்துப் போயிருந்தேன்.

ஐடிஇ வன்தட்டில் ஒரு சிறு வேலை பாக்கி இருக்கும். ஊசிகளுக்குப் பக்கத்தில் ஜம்பர் எனப்படும் குட்டி பிளாஸ்டிக் தொப்பி ஒன்று செருகியிருக்கும். அது ‘ஸ்லேவ்’ நிலையில் இருந்தால் கன்வெர்ட்டரில் வன்தட்டு தெரியாமல் போகலாம். ‘மாஸ்டர்’ நிலைக்கு மாற்ற வேண்டும். எந்த இடத்தில் செருகுவது என்ற படம் வன்தட்டின் லேபிளிலேயே இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும்.

மின்சாரம்தான் முக்கியம்

இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. கேஸோடு வந்த அடாப்டரை எங்கோ வைத்துவிட்டேன். அலுவலக அலமாரியில் பழைய இணைய மோடத்தின் அடாப்டர் கிடந்தது. அதுவும் 12 வோல்ட், முனையும் பொருந்தியது. செருகினேன். வன்தட்டு சுற்றத் தொடங்குவதுபோல் ஒரு முனகல், பிறகு ‘டிக்’, மறுபடி முனகல், மறுபடி ‘டிக்’. பத்தாண்டு ஆண்டுவிழாப் படங்களும் என் கையால் போயின என்று நினைத்து, பிடுங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் நடந்துகொண்டிருந்த வாரம் அது. மறுநாள் அடாப்டரையும் வன்தட்டையும் வகுப்புக்குக் கொண்டுபோய், “ரெண்டும் 12 வோல்ட். ஏன் ஓடல?” என்று கேட்டேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் அடாப்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பொடி எழுத்தைப் படித்தான். “மிஸ், இதுல 0.5 ஆம்பியர்னு போட்டிருக்கு.”

12 வோல்ட் பெருக்கல் 0.5 ஆம்பியர்: 6 வாட். மேசைக் கணினி வன்தட்டுக்கு இரண்டு மின்னழுத்தங்கள் வேண்டும். மின்சுற்றுகளுக்கு 5 வோல்ட், தட்டுகளைச் சுற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னோட்டம் குறைவாகத்தான் எடுக்கும். லேபிளில் இருப்பது அந்த அளவுதான். ஆனால் நின்ற தட்டுகளைச் சுழலவைக்கும் முதல் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். அதாவது 24 வாட். நின்ற வண்டியைத் தள்ளத் தொடங்குவதுதான் கடினம் என்று சொன்னால் மாணவர்களுக்குப் புரிகிறது. அதனால் 3.5 அங்குலக் கேஸ் வாங்கும்போது அடாப்டரில் ‘12 வோல்ட், 2 ஆம்பியர்’ என்று இருக்கிறதா என்று பார்ப்பது கேஸின் பளபளப்பைப் பார்ப்பதைவிட முக்கியம். சரியான அடாப்டர் கிடைத்ததும் அந்த வன்தட்டு ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. நான்தான் ஒரு நாள் தூங்கவில்லை.

யுஎஸ்பி முனையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். யுஎஸ்பி 2.0 தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர், 2.5 வாட். 3.0 தருவது 4.5 வாட். மடிக்கணினி வன்தட்டுக்கு அது போதும், அதற்கு 12 வோல்ட்டும் தேவையில்லை. மேசைக் கணினி வன்தட்டுக்கு ஆகாது. தனி அடாப்டர் இல்லாத கேஸை 3.5 அங்குல வன்தட்டுக்கு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

என் தவறு குறைந்த ஆம்பியரோடு நின்றது அதிர்ஷ்டம். மடிக்கணினி அடாப்டர்கள் பலவும் 19 வோல்ட். அவற்றில் சிலவற்றின் முனை கேஸின் துளையில் நுழைந்துவிடும். அப்படிச் செருகினால் வன்தட்டின் மின்பலகை கருகிப்போகலாம். இப்போது எங்கள் கேஸுக்கும் அதன் அடாப்டருக்கும் ஒரே நிறத்தில் துணி ஒட்டுநாடா சுற்றியிருக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் இதே வன்தட்டு ‘இயக்கம்’ பாடத்துக்கும் உதவியது. நிமிடத்துக்கு 7200 சுற்று, நொடிக்கு 120. தட்டின் விட்டம் சுமார் 9.5 செ.மீ. விளிம்பில் உள்ள ஒரு புள்ளி நொடிக்கு ஏறத்தாழ 35.8 மீட்டர் போகிறது. மணிக்கு 129 கி.மீ. “நம்ம ஆவடி டிரெயினைவிட வேகமா மிஸ்!” என்று ஒரே கூச்சல். அந்தத் தட்டுக்கு மேலே, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. ஓடும்போது வன்தட்டை ஏன் நகர்த்தக்கூடாது, ஏன் ஒருபோதும் அதன் மூடியைத் திறக்கக்கூடாது என்று பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியா, டாக்கா?

சாட்டா வன்தட்டுக்கு மூன்று வழிகள் உண்டு. மூடிய கேஸ், ரொட்டி சுடும் டோஸ்டர் போல மேலிருந்து செருகும் டாக், வெறும் கன்வெர்ட்டர் கேபிள். பள்ளியில் நான்கைந்து வன்தட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டுமென்றால் டாக்தான் வசதி. திருகு கழற்றி மாட்டும் வேலை இல்லை. ஒரே வன்தட்டைத் தொடர்ந்து பயன்படுத்துவதானால் கேஸ். அதிலும் அலுமினியக் கேஸ் நல்லது. வன்தட்டின் சூடு உலோகத்தின் வழியே வெளியேறும். பிளாஸ்டிக் கேஸ் என்றால் காற்றுப் போக துளைகள் இருக்க வேண்டும். மே மாதப் பூந்தமல்லி வெயிலில், விசிறி இல்லாத அறையில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஐந்து மணி நேரம் நகலெடுப்பதை நினைத்துப் பாருங்கள். மேசை விசிறி ஒன்றை அதன் பக்கம் திருப்பி வைப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. கேஸில் தனி ஆன்–ஆஃப் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது.

யுஎஸ்பி 3.0 கேஸ்தான் வேண்டுமா? ஐடிஇ வன்தட்டுக்குப் பெரிய பயன் இல்லை, வன்தட்டே மெதுவானது. 500 ஜிபி சாட்டாவுக்குப் பயன் உண்டு. யுஎஸ்பி 2.0-இல் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி அளவுதான் வரும். 500 ஜிபி முழுவதையும் எடுக்க நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் ஒன்றரை மணிக்குள் முடியும். சிறுசிறு கோப்புகளாக இருந்தால் இரண்டுமே இதைவிட அதிக நேரம் எடுக்கும்.

செருகியதும்

வன்தட்டைச் செருகியதும் திரையில் சிலசமயம் ஒரு கேள்வி வரும்: இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். வன்தட்டில் ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருளல்ல. இந்தக் கணினிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் பொருள். பாஸ் லினக்ஸ் நிறுவியிருந்த வன்தட்டாக இருந்தால் விண்டோஸ் அப்படித்தான் கேட்கும். அதையே லினக்ஸ் கணினியில் செருகினால் திறக்கும். சில கேஸ்களில் ஃபார்மேட் செய்த வன்தட்டு வேறு கேஸில் படிக்காமல் போவதும் உண்டு. அவசரப்பட்டு ‘ஆம்’ என்று சொன்னால் நம் வேலை பலமடங்கு கடினமாகிவிடும்.

பழைய பள்ளிக் கணினிகளில் வைரஸ் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எந்தக் கோப்பையும் திறக்கும் முன் வைரஸ் சோதனை செய்துவிடுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வன்தட்டு என்றால் பயனரின் கோப்புகள் ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ கோப்புறைக்குள் இருக்கும். விண்டோஸ் 7 என்றால் ‘யூசர்ஸ்’. உள்ளே போக அனுமதி கேட்டால், நிர்வாகி கணக்கில் நுழைந்து தொடரலாம்.

80 ஜிபி என்று எழுதிய வன்தட்டு திரையில் 74.5 ஜிபி என்று காட்டும். திருடு போகவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்; விண்டோஸ் 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது 1,07,37,41,824 பைட் என்று கணக்கிடுகிறது. 8000 கோடியை இந்த எண்ணால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுக்குகள் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் எது மிக அவசியமோ அதை நகலெடுங்கள். நான் ஆண்டுவிழாப் படங்களைத் தொடவே இல்லை. பெரியவர்களின் குரல் பதிவுகளைத்தான் முதலில் எடுத்தேன். பழைய வன்தட்டு இன்னும் எத்தனை முறை ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. சரியான அடாப்டர் இருந்தும் ‘டிக் டிக்’ சத்தம் தொடர்ந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் ஓடவிட்டால் தட்டு கீறிப்போகும். அந்த நிலையில் தரவு மீட்கும் தொழில்முறை நிலையங்கள்தான் வழி, செலவு அதிகம்.

வெள்ளத்தில் நனைந்த வன்தட்டுக்கும் இதே விதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர் பகுதிகளில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று நமக்குத் தெரியும். நனைந்த வன்தட்டை வெயிலில் காயவைத்துக் கேஸில் போட்டு மின்சாரம் கொடுப்பது அதைக் கொல்வதற்குச் சமம். மின்சாரம் கொடுக்காமல் அப்படியே நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

எழுத்துரு என்னும் தொல்லை

எதிர்பாராத சிக்கல் ஒன்று பிறகு வந்தது. தமிழய்யா தட்டச்சு செய்து வைத்திருந்த பதிவுகளின் எழுத்து வடிவங்களும், மெல்லக் கற்கும் மாணவர்களுக்காக அவர் உருவாக்கிய நூற்றுக்கணக்கான பயிற்சித் தாள்களும் புதிய கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத் தெரிந்தன. அவை வானவில் எழுத்துருவில் இருந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்பதற்கு முன் நம் பள்ளிகளில் உருவான பெரும்பாலான கோப்புகள் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே பழைய வன்தட்டிலிருந்து கோப்புகளை மட்டும் எடுக்காதீர்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்று ஒரு கோப்புறை இருக்கும். அதிலிருக்கும் தமிழ் எழுத்துருக்களையும் எடுத்துவையுங்கள். அவை இருந்தால் கோப்பை அப்படியே படிக்கலாம். பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றலாம். எங்கள் வகுப்பு மாணவிகள் நால்வர் ஒரு மாதம் உட்கார்ந்து மாற்றினார்கள். மாற்றியதில் பிழை திருத்துவதே அவர்களுக்குத் தமிழ்ப் பயிற்சியாகவும் ஆனது.

குரல் பதிவுகளிலும் ஒரு சிறு சிக்கல். பழைய கைப்பேசிகளின் ஏஎம்ஆர் வடிவக் கோப்புகள் அவை. வழக்கமான செயலியில் பாடவில்லை. விஎல்சி-யில் பாடின.

இப்போது அவை மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று பள்ளி அலமாரியில் ஒரு புதிய வன்தட்டில், அலமாரியின் மேல் தட்டில். ஒன்று தலைமை ஆசிரியர் அறைக் கணினியில். குரல் பதிவுகளின் நகல் மட்டும், மாணவர் விவரம் எதுவும் இல்லாமல், தமிழய்யாவிடம். பழைய வன்தட்டைக் கேஸில் போட்டு அதிலேயே புதிய கோப்புகளைச் சேமிக்கலாமே என்று ஓர் ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் கேஸ் படிப்பதற்கான கருவி. பல ஆண்டுகள் சுழன்ற தட்டை நம்பி இனி எதையும் ஒப்படைக்க முடியாது. வன்தட்டுகளைப் பதிவேட்டு எண்ணோடு உறையிலிட்டுத் திருப்பி வைத்துவிட்டோம். கழிவு செய்யும் நாளில், உள்ளிருக்கும் மாணவர் விவரங்களை முழுமையாக அழித்த பிறகே மின்கழிவாகக் கொடுக்க வேண்டும் என்று உறையின் மேலேயே எழுதியிருக்கிறோம்.

37 பதிவுகளில் 36 கிடைத்தன. ஒன்று பாதியில் படிப்புப் பிழை என்று நின்றுவிட்டது. ஏரி மதகைத் திறக்கும் நாளில் ஊரே கூடி நிற்பதைப் பற்றி ஒரு பாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போது குரல் அறுந்துபோகிறது. அந்தப் பாட்டியின் பேத்தி இப்போது எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மீதிக் கதையை வீட்டில் கேட்டு எழுதி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வாரம் பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு வன்தட்டுகள் வருகின்றன. தொலைபேசியில் முதுகைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். இரண்டும் ஐடிஇ.